இரண்டு முழங்காலும் ஒரு வாய்வும்

மகன்,

இதை உனக்கு அனுப்புவேனா, அடுப்பில் போடுவேனா என்று எழுதத் தொடங்கும் இந்த நேரத்தில் எனக்கே தெரியாது. அடுத்த கிழமை, புதன்கிழமை காலையில், என் இரண்டு முழங்கால்களையும் ஒரே தரத்தில் வெட்டி மாற்றப்போகிறார்கள். நீயும் அதற்கேற்ற மாதிரி சுவிஸில் லீவு எடுத்து, திங்கட்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாய். நேற்று போனில், “அப்பா, பயமா இருக்கா?” என்று கேட்டாய். பிரேக் இல்லாத பஸ்ஸையே ஓட்டினவனுக்கு என்ன பயம் என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். மகன், எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்ச நஞ்சப் பயமில்லை. அக்கா பார்க்கிறாளே என்பதற்காக மட்டும் சோற்றை அள்ளி வாயில் வைத்து விழுங்குகிற அளவுக்குப் பயம். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லிப் பழகிவிட்டேன். அதனால்தான் தாளை எடுத்திருக்கிறேன்.

கத்திக்கு எனக்குப் பயமில்லை. நோவுக்கும் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்வது நெஞ்சு திடமாக உள்ள ஆளுக்குத்தான் என்று பெரிய டொக்டர் வெளிச்சமாகச் சொன்னார். என் நெஞ்சு திடமாக இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் உன் அப்பன்தான். விசயம் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வரியை எழுத எனக்கு மூன்று நாள் போயிருக்கிறது. ஆகையால் முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி.

முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டினேன். இடது முழங்காலைக் கிளச் தின்றது, வலதைப் பிரேக் தின்றது. நீ கடைசியாக வந்திருந்தபோதே நான் வாசற்படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் மோசம். கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டொக்டர், எலும்போடு எலும்பு உரசுகிறது, நடுவில் மெத்தென்று இருக்கவேண்டியது ஒன்றுமே மிச்சமில்லை என்றார். இந்த முறை மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு வீதி சுற்ற முடியாமல், தேர்முட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை செய்தவர்கள் வந்து ஒவ்வொருவராகக் குனிந்து சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். செத்த வீட்டில் பெட்டியைப் பார்க்கிறவர்கள் போலத்தான் குனிந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், செய்வோம் என்று சொன்னேன்.

பெரிய டொக்டர் நல்ல மனிசன். அவசரப்படுத்தவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒரு காலை இப்போது செய்து, நாலைந்து மாதம் கழித்து மற்றதைச் செய்யலாம். அல்லது இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்கலாம். ஒன்றாகச் செய்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒரு தரம், நோவு ஒரு தரம், நடைப் பயிற்சி ஒரு தரம். ஆனால் இரத்தம் கூடப் போகும். நெஞ்சுக்கு வேலை கூட. காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போய் அடைக்கிற ஆபத்தும் கூட. ஊன்றி நிற்க ஒரு நல்ல காலும் இருக்காது. நெஞ்சும் நுரையீரலும் நன்றாக இருக்கிற ஆளுக்கு யோசித்துச் செய்வேன், மற்ற ஆளுக்குச் செய்யமாட்டேன், எதற்கும் ஒவ்வொன்றாகச் செய்வதுதான் உங்கள் வயதுக்கு நல்லது என்றார்.

நான் சும்மா இருந்தேனா? டிப்போவில் படித்த படிப்பை அவருக்குச் சொல்லிக் கொடுக்க வெளிக்கிட்டேன். ஒரு பக்கச் சில்லுக்கு மட்டும் பிரேக் லைனர் மாற்றினால் பஸ் மற்றப் பக்கம் இழுக்கும் டொக்டர், எந்த மெக்கானிக்கும் சோடியாகத்தான் மாற்றுவான், இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற நேர்ஸும் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சிரிக்க வைத்துவிட்டால் ஆட்கள் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு நெடுநாளாகத் தெரியும். சரி, உங்கள் நெஞ்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று எழுதி அனுப்பினார்.

லைனர்க் கதை எல்லாம் வெளியில் சொல்கிற கதை. உண்மையைச் சொல்கிறேன். நம்மட ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனம். உன் அம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். அம்மா போனபின், அக்காவின் கலியாணத்தோடு அந்த வீடு அவளுடையதாகிவிட்டது. அன்றிலிருந்து, மகளின் வீட்டில் ஓர் ஓரத்து அறையில் இருக்கிற ஆள் நான். உன் அத்தான் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. என்னைக் கண்டால் இன்றைக்கும் கதிரையை விட்டு எழும்புகிற மருமகன். ஒரு சண்டை பிடித்தாலாவது எனக்கு இலேசாக இருந்திருக்கும். முழங்கால் மாற்றினால் முதல் இரண்டு மூன்று கிழமை யாராவது பிடித்துக் கொமட்டில் இருத்தவேண்டும், பிடித்து எழுப்பவேண்டும், கழுவி விடவும் வேண்டிவரலாம். அது அக்கா. இல்லாவிட்டால் அத்தான். ஒரு தரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துவிடுவேன். நாலைந்து மாதத்தில் திரும்பவும் அதே கோலத்தில் கிடப்பதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்துக்காகத்தான் மகன், இரண்டையும் ஒன்றாக என்று பிடிவாதம் பிடித்தேன். நீ ஒரே லீவில் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னதும் எனக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிற ஹாஜியாரை உனக்கு ஞாபகம் இருக்கும். முன் சீட்டில் ஏறி இருந்து, இறங்கும்வரை என்னோடு கதைத்துக்கொண்டே வருவார். உனக்குப் பள்ளிக்கூடக் களிசான் துணி அவரிடம்தான் வாங்குவோம். அவர் இரண்டு காலையும் ஒன்றாகச் செய்து, இப்போது கடைக்குள் புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நடந்து காட்டினார். சாரனை உயர்த்தி இரண்டு தழும்பையும் காட்டினார். “ஒண்டாத்தான் செஞ்சன். ஆனா நெஞ்ச மூணு தரம் பாத்துப்போட்டுத்தான் கைய வெச்சாங்க, டிரைவர்” என்றார். முதல் பாதியைக் காதில் போட்டுக்கொண்டேன். மற்றப் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில்தான் அது நடந்தது. குருமண்வெளியில் பஸ்ஸால் இறங்கி, வாவியைக் கடக்கிற தட்டைப் படகு, அந்தப் பாதையில் ஏறினேன். வாவியில் காற்று நல்லாயிருந்தது. பாதை மண்டூர்க் கரையில் முட்டியதும் மோட்டார் சைக்கிள்காரர்கள் முறுக்கிக்கொண்டு போனார்கள். நான் கடைசியாக இறங்கி, கரையில் நின்ற ஓட்டோவைப் பிடிக்க அந்தச் சின்ன ஏற்றத்தில் கொஞ்சம் விசுக்கென்று நடந்தேன். நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அமர்த்துகிற மாதிரி வந்தது. இடது தோளுக்கும் நாடிக்கும் ஏறியது. சேட்டு நனைந்துவிட்டது. ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்பிள்ளை என்ன ஐயா என்று கேட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். “ஒண்டுமில்ல மகள், வாய்வு” என்றேன். பத்து நிமிசத்தில் அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து வேர்க்கொம்புச் சுக்கை அவித்துக் குடித்தேன். அக்காவிடம் மூச்சுக்கூட விடவில்லை. அதற்கு முன்னும் இரண்டு தரம் வந்தது. ஒன்று திருவிழாவில் தேர்முட்டி வரை நடந்தபோது, மற்றது மழைக்கு அவசரமாக முற்றத்தில் இறங்கி உடுப்பு எடுத்தபோது.

பிறகு நெஞ்சுச் சோதனைக்குப் போனோம். ஒரு சின்ன டொக்டர்ப் பிள்ளை, உன்னைவிட வயது குறைவு, தாளில் இருக்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா. நெஞ்சு நோ வந்திருக்கிறதா என்று கேட்டபோது என் வாயில் இல்லை என்று தானாக வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இடைக்கிடை வாய்வு மட்டும் இருக்கிறது என்றேன். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டி, சாப்பிட்டபின் வருமா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அதற்கு ஒரு மாத்திரை எழுதினாள். படுக்க வைத்து ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள். படுத்துக் கிடக்கும்போது என் நெஞ்சு நல்ல பிள்ளைதானே, கோடு ஒழுங்காக வந்தது. ஒபரேஷனுக்குத் தகுதி என்று கோப்பில் எழுதியாயிற்று. அந்தப் பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டாள். அவள் கையில் பொய்யை எடுத்துக் கொடுத்தவன் நான்.

வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்கத்தான் எனக்கு வேறொன்றும் விளங்கியது. நான் இப்போது நடப்பது பெரும்பாலும் அறைக்கும் முற்றத்துக்கும் இடையில்தான். முழங்கால் என்னை அதற்கு மேல் விடாது. நெஞ்சு நோவதற்கு முன்னமே முழங்கால் நொந்து நான் உட்கார்ந்துவிடுகிறேன். அதனால்தான் மூன்றே மூன்று தரம் வந்திருக்கிறது. கால் நல்லாக இருந்திருந்தால் நெஞ்சு எப்போதோ காட்டிக் கொடுத்திருக்கும். அந்தக் காலைத்தான் அடுத்த கிழமை இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டப்போகிறார்கள். கரடியனாற்றில் ஒருவருக்கு இப்படிச் செய்து மூன்றாம் நாள் மூச்சு முட்டி, பெரும்பாடு பட்டுத்தான் காப்பாற்றினார்கள் என்று உன் அத்தான் யாரிடமோ கேட்டு வந்து அக்காவுக்குச் சொன்னது என் அறைக்குள் கேட்டது. அவருக்கு நெஞ்சில் முன்னமே வருத்தம் இருந்ததாம், அதை அவர் சொல்லவில்லையாம். மெல்லக் கதையுங்க, அப்பாவுக்குக் கேட்கும் என்று அக்கா சொன்னாள். எனக்குக் கேட்டுவிட்டது. அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் உண்மையில் எழுதவேண்டியது. இத்தனை வருசமும் உனக்கும் அக்காவுக்கும் நான் சொன்னது, அம்மா திடீரென்று போனா, காலையில் நல்லாத்தான் இருந்தா, ஒன்றும் சொல்லவில்லை என்று. செத்த வீட்டில் கேட்ட ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. மகன், அம்மா சொன்னா. எனக்குச் சொன்னா.

நீ விடியற்காலை ரியூசனுக்குப் போய்விட்டாய். அக்கா மட்டக்களப்பில் போர்டிங்கில் இருந்து படித்தாள். நான் முதல் பஸ் எடுக்க வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டா. அவ காலை வேளையில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. என்ன என்று கேட்டேன். நெஞ்சை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, “வாய்வு கட்டினாப்போல கிடக்கு” என்றா. நெற்றி வேர்த்திருந்தது. அடுப்படி வெக்கை என்று நினைத்தேன். வேர்க்கொம்பும் உள்ளிப்பூண்டும் அவித்துக் கொடுத்தேன். எண்ணெய் தேய்த்து முதுகைத் தடவிவிட்டேன். ஏவ் என்று ஒரு ஏவறை விட்டா. பார்த்தாயா, வாய்வுதான் என்று நான்தான் சொன்னேன். அவ சிரித்து, “நீங்க போங்க, பஸ்ஸுக்கு நேரம் போகுது” என்றா. போனேன். மூன்றாவது ஓட்டத்தில் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, எதிரில் வந்த பஸ்ஸின் டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அதன் கண்டக்டர் இறங்கி ஓடி வந்து என் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு, “அண்ணன், பஸ்ஸ ஓரமா விடுங்க” என்றான். நான் ஓரமாக விட்டேன். பயணிகளை இறக்கி மற்ற பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அந்த ஒழுங்கை இன்றைக்கு நினைத்தாலும் என் மீது எனக்கே காறித் துப்பவேண்டும் போல இருக்கிறது.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பஸ் சாவி என் கையில் இருந்தது. அப்போதே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாவா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம். அம்மாவுக்கு வாய்வு என்று பெயர் வைத்து அனுப்பிவிட்ட அதே வாய், பாதையடியில் எனக்கும் அதே பெயரைச் சொன்னது. அந்தச் சொல்லை விட்டுவிட்டால், எனக்கு வந்தது நெஞ்சு வருத்தம், அம்மாவுக்கு வந்ததும் அதுதான் என்று ஒத்துக்கொள்ளவேண்டும். டொக்டர்ப் பிள்ளையிடம் நான் பொய் சொன்னது கூச்சத்தினால் மட்டும் இல்லை மகன், இதனாலும்தான்.

இது வரைக்கும் செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்றைக்குச் சனிக்கிழமை. இடையில் நிறைய நடந்துவிட்டது. அக்கா உனக்குப் போன் எடுத்து ஒபரேஷன் இல்லை, ஏன் என்பதை அப்பா எழுதுவார் என்று மட்டும் சொல்லியிருப்பாள். நீ எனக்கு ஆறு தரம் எடுத்தாய். நான் எடுக்காமல் விட்டது கோபத்தில் இல்லை.

மறுநாள் புதன்கிழமை காலை, எழுதின தாள்களை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒபரேஷனுக்குப் போன பிறகு எனக்கு ஏதும் நடந்தால், அடுப்பில் போடாமல் மிஞ்சினதை நீங்கள் வாசிக்கட்டும் என்றுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, செத்த பிறகு உண்மை சொல்கிறவன் எவ்வளவு பெரிய கோழை என்று தோன்றியது. முதலில் நெஞ்சு விசயத்தைச் சொன்னேன். கையை உதறிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள். கொமட்டில் இருத்தி எழுப்புகிற கதையைச் சொன்னேன். அதை ஒரு மகளுக்கு முன்னால் சொல்வது லேசு என்று நினைக்காதே. அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “ரெண்டு தரம் இல்லப்பா, பத்துத் தரம் எண்டாலும் தூக்குவன். பொட்டியில வச்சு ஒரு தரம் தூக்க என்னால ஏலா.”

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அம்மா உங்களுக்கிட்டச் சொன்னவவா?” ஓம் என்றேன். எழும்பி வெளியே போனாள். கிணற்றடியில் நெடுநேரம் நின்றாள். நான் மீனுக்குப் பூனை வராமல் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கையில் போனும் ஆஸ்பத்திரிக் கோப்பும் இருந்தது. டொக்டரிடம் நீங்களே கதையுங்கள் என்று போனை என்னிடம் தந்தாள். பிறகு, “அம்மாட விசயத்த தம்பிக்கு நீங்கதான் சொல்லணும், நான் சொல்லமாட்டன்” என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு, மருந்து, வேன் நேரம், இவை தவிர என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. மன்னித்தாளா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு முகமில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய டொக்டரைப் பார்த்தோம். நான் வாயைத் திறக்கும் முன்னமே அக்கா, இவர் வாய்வு என்று சொன்னால் நம்பாதீர்கள் டொக்டர் என்றாள். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, எப்போது வந்தது, எவ்வளவு தூரம் நடந்தபோது, எங்கே ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸை மெக்கானிக்கிடம் விடும்போது நான் ஒரு நாளும் கியர்ப் பெட்டி பழுது என்று சொன்னதில்லை. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இப்படி ஒரு சத்தம் வருகிறது என்று மட்டும்தான் சொல்வேன். பழுதுக்குப் பெயர் வைப்பது அவன் வேலை. இரும்புக்குக் காட்டின அந்த மரியாதையை நான் உன் அம்மாவுக்குக் காட்டவில்லை. மகன், நீ டொக்டரிடம் போகும்போது பெயர் கொண்டு போகாதே. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், அவ்வளவும் போதும். உனக்கு இரண்டு பக்கத்தாலும் வருகிற வருத்தம் இது. அங்கே நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள். இந்த மாதமே போய்க் காட்டு. ஹோட்டல் குசினியில் பத்து மணித்தியாலம் நிற்கிறவனுக்கு நேரமில்லை என்று எனக்குச் சொல்லாதே.

பெரிய டொக்டர் அடுத்த கிழமை ஒபரேஷனை நிறுத்திவிட்டார். இந்த நெஞ்சோடு இரண்டு முழங்காலையும் ஒன்றாகச் செய்கிற பேச்சுக்கே இடமில்லை, ஒன்றைச் செய்வதையும் நெஞ்சு டொக்டர் பார்த்த பிறகுதான் யோசிக்கலாம் என்றார். சொல்லாமல் வருகிற புதன்கிழமை மேசையில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். அதை யோசித்து இப்போது ஒரு பிரயோசனமும் இல்லை என்றார். ஒன்றும் நடந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்டேன். அன்றைக்கே நெஞ்சு டொக்டரிடமும் அனுப்பினார். இந்தக் காலோடு என்னை ஓடவிட்டுச் சோதிக்க ஏலாது, அதனால் அடுத்த மாதம் குழாய் விட்டு நெஞ்சு நரம்பைப் பார்க்கப்போகிறார்கள். அடைப்பு இருந்தால் அங்கேயே திறப்பார்களோ, நெஞ்சைப் பிளக்க வேண்டிவருமோ, பார்த்தால்தான் தெரியும். அதெல்லாம் சரிவந்து பல மாதம் போன பிறகு ஒரு முழங்கால். அது தேறிய பிறகு மற்றது. நான் தப்பப் பார்த்த அத்தனையும் வரிசையில் நிற்கிறது.

உண்மை சொன்னால் பயம் குறையும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குக் குறையவில்லை. முந்தி ஒரு நாளைக் குறித்து வைத்துப் பயந்தேன், இப்போது நாளே இல்லாமல் பயப்படுகிறேன். குளிக்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். படியில் ஒரு கால் வைத்ததும் நிற்கிறேன். நேற்று இரவு விக்கல் வந்தது, அதற்கும் பயந்து அக்காவைக் கூப்பிட்டேன். வந்து, நாக்குக்கு அடியில் வைக்க நெஞ்சு டொக்டர் தந்த மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, விக்கல் நிற்கும்வரை பக்கத்தில் நின்றாள். இந்தத் தாள்களை அவள்தான் படம் பிடித்து உனக்கு அனுப்பப்போகிறாள். வாசித்துவிட்டு நீ என்னோடு கதைக்காமல் இருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். பதினாறு வயதில் உன் அம்மாவைப் பறிகொடுத்தாய். அந்தக் காலையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்கிற உரிமை உனக்கு அன்றைக்கே இருந்தது. நான் அதை ஒளித்து வைத்தேன். கோபப்படு, ஏசு, எனக்கு நேரே ஏசு. கேட்க உயிரோடு இருக்கவேண்டும் என்றுதான் இப்போது இந்தப் பாடெல்லாம் படுகிறேன்.

டிக்கெட்டை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டாயாம், அத்தான் சொன்னார். உனக்கு வருசத்துக்கு ஒரு லீவுதான் என்று எனக்குத் தெரியும். மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு எத்தனை தரம் ஓடிவர முடியும்? திங்கட்கிழமை வராதே, அதை அடுத்த மாதத்துக்கு மாற்று. முழங்காலை அக்கா பார்ப்பாள், அத்தான் பார்ப்பார், தூக்குவார்கள், கழுவுவார்கள், நானும் வெட்கப்படாமல் தூக்கவிடுவேன். ஒரு தரம்தான் வரலாம் என்றால், முழங்காலுக்கு வராதே மகன். நெஞ்சுக்கு வா.

அப்பா